ஈரச் சட்டை

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு
வந்தார் டிர்சேயு வொஸ்நியாக்.
வணக்கம் சொல்லவில்லை.
மேசையில் நான் விரித்திருந்த வரைபடத்தின் மேல்
ஒரு சட்டையை வைத்தார்.
ஈரம்.
"வியாழக்கிழமை துவைத்தது" என்றார்.

குரிச்சிபாவில் ஜூன் மாதம்.
இங்கே சூரியன்
வடக்கு ஓரமாகத் தலை குனிந்து
கடன்காரனைப் போலக் கடந்துவிடும்.
அவர் வீட்டுக்கு வடக்கே பேருந்துத் தடம்.
தடத்தின் ஓரம்
நான் கையெழுத்திட்ட பத்தொன்பது மாடி.

எங்கள் விதி எளியது.
பேருந்து போகிற தெருவில் உயரலாம்.
ஒரு தெரு தள்ளினால் பாதி.
இன்னும் தள்ளினால் இரண்டே மாடி, முன்னால் ஒரு மரம்.
நகரம் படிப்படியாக இறங்கிப் போய்க்
கால் நீட்டிக்கொள்ளும்.
பேருந்துக்குக் கூட்டம் பக்கத்தில்,
கூட்டத்துக்குப் பேருந்து பக்கத்தில்,
கார் வேண்டாம், காடு மிஞ்சும்.
வரைபடத்தில் பார்க்க அழகு.
வரைபடத்தில்
யாரும் துணி காயப்போடுவதில்லை.

நிழல் கணக்கைக் காட்டினேன்:
பன்னிரண்டு நாற்பதுக்கு வரும்,
மூன்றரைக்குப் போகும்.
"நான் மணி கேட்கவில்லை,
வெயில் கேட்கிறேன்."

மூன்று மாடி குறைத்தால் என்ன என்றார்.
பன்னிரண்டு வீடு குறையும் என்றேன்.
"குறையட்டுமே."
அந்தப் பன்னிரண்டு குடும்பமும் எங்கே போகும் என்று
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த லூசினேயா
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.
காலை நாலு பத்துக்குக் கிளம்புகிறவள்.
செம்மண் சேற்றில் அரை மணி நடை,
பிறகு ஒரு பேருந்து, பிறகு இன்னொன்று.
செருப்பைப் பையில் வைத்திருப்பாள்,
இங்கே வந்து மாற்றிக்கொள்ள.
"எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஐயா" என்றாள்.
"நாள் முழுக்க அடிக்கும்.
துவைக்கத்தான் வீட்டில் ஆள் இருப்பதில்லை."

வொஸ்நியாக் சட்டையை எடுத்துக்கொண்டார்.
அது இருந்த இடத்தில்
பேருந்துத் தடத்தின் சிவப்புக் கோடு
கரைந்து
இரண்டு தெரு அகலத்துக்குப் பரவியிருந்தது.

மாடியைக் குறைக்கவில்லை நான்.
கட்டடத்தின் தோளைச் சற்றே திருப்பினேன்,
நெரிசலில் ஒருவர்
இன்னொருவருக்கு வழிவிடுவது போல.
நாற்பது நிமிட வெயில் கிடைத்தது.
பொறியாளர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

கட்டி முடித்தார்கள்.
கண்ணாடிக் குழாய் நிலையமும் வந்தது.
முன்பே காசு கொடுத்து உள்ளே நிற்க,
பேருந்தின் படியும் தரையும் ஒரே மட்டத்தில் சேர,
சக்கர நாற்காலிக்காரப் பெண் ஒருத்தி
யாரையும் பார்க்காமல்
செய்தித்தாள் படித்துக்கொண்டே ஏறிப்போனாள்.
அன்று மாலை எனக்குச்
சாப்பாடு ருசித்தது.

ஆனால்
லூசினேயாவுக்கு அங்கே வீடு கிடைக்கவில்லை.
விண்ணப்பம் வாங்கினாள், வாடகையைப் படித்தாள்,
நாலாக மடித்துச்
செருப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.
எங்கள் விதியில் உயரத்துக்கு எண் உண்டு,
நிழலுக்கு எண் உண்டு,
சன்னலுக்கும் குப்பைத்தொட்டிக்கும் உண்டு.
வாடகைக்கு இல்லை.
எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
இப்போதும் நாலு பத்துக்கே கிளம்புகிறாள்.
இரண்டாவது பேருந்து மட்டும்
கொஞ்சம் வேகம்.

போன வாரம் ஆறு மணி நெரிசலில்
மூன்று பெட்டிச் சிவப்புப் பேருந்துக்குள்
வொஸ்நியாக்கைப் பார்த்தேன்.
கையில் சுடச்சுடப் பைன் கொட்டைப் பொட்டலம்,
தோளில் யாரோ ஒரு பையனின் தூக்கம்.
என்னை அடையாளம் கண்டுகொண்டு
கூட்டத்தைத் தாண்டிக் குரல் கொடுத்தார்:
"ஒன்று இருபது என்றீர்கள்.
ஒன்று பதினெட்டுக்கே நிழல் வந்துவிடுகிறது."

கதவு மூடியது.
இரண்டு நிமிடம் அவருக்குக் கடன்.
மற்றொரு கடனுக்கு
இன்னும் அலகே கண்டுபிடிக்கவில்லை நான்.